விமானத்துக்கும் வேண்டும் தராசு

மாமல்லபுரத்தில் 'கிருஷ்ணரின் வெண்ணெய்ப் பந்து' என்னும் பெரும் பாறையைச் செங்கல்பட்டு வட்டார மாணவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள். சுமார் 6 மீட்டர் உயரமுள்ள அது, சரிவில் உருளாமல் நிற்கிறது. அதன் புவியீர்ப்பு மையத்திலிருந்து வரையும் செங்குத்துக்கோடு அடிப்பரப்புக்குள் விழுகிறது; உராய்வும் துணை செய்கிறது. அதன்மேல் யாரும் பெட்டி படுக்கை ஏற்றுவதில்லை. ஆகவே அதற்குக் கணக்கு ஏடு தேவையில்லை.

அதே கரையில் மீனவர்களைக் கவனியுங்கள். வலையும் ஐஸ் பெட்டியும் ஒரு பக்கம் மிகுந்தால் படகு சாய்ந்து காட்டிவிடும். இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். விமானம் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. தரையில் அதைச் சக்கரங்கள் தாங்குகின்றன. வால் தரையைத் தட்டும் அளவுக்குச் சுமை பின்னே மிகுந்தாலன்றிப் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தரையை விட்டு எழும்பிய பிறகே தெரியும். அப்போது இறங்கி மூட்டையை மாற்ற முடியுமா? கண்ணுக்குத் தெரியாததைக் காகிதத்தில் காண்பதற்கே எடை-சமநிலை ஏடு ஏற்பட்டது.

சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்போருக்கும் இந்த ஏடு உண்டு. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதற்கான விதிகளை வகுத்துள்ளது. சக்கரங்களைத் தராசுகளின் மேல் நிறுத்தி, விமானத்தின் வெற்று எடையையும் புவியீர்ப்பு மையம் இருக்குமிடத்தையும் கண்டு எழுதுகிறார்கள். பின்னர் வானொலிக் கருவி பொருத்தினாலும் இருக்கையைக் கழற்றினாலும் ஏட்டைத் திருத்த வேண்டும். 'இத்தனை எழுத்து வேலையா?' என்று சலித்துக்கொள்பவருக்கு உங்கள் திருப்புத்திறன் பாடமே பதில் சொல்லும்.

செஸ்னா 172 எஸ் என்பது நால்வர் அமரும் விமானம். அதன் உச்ச எடை சுமார் 1157 கிலோ. அந்த எடையில் புவியீர்ப்பு மையம் நகர அனுமதிக்கப்பட்ட தூரம் ஏறக்குறைய 16 செ.மீ.; உங்கள் கருவிப்பெட்டி அளவுகோலைவிடச் சற்றே அதிகம்! முன்னிருக்கையில் இருந்த 40 கிலோ மூட்டையை 1.5 மீட்டர் பின்னாலுள்ள சாமான் அறைக்கு மாற்றுவதாகக் கொள்வோம். 40 × 1.5 = 60. இதை 1157 ஆல் வகுத்தால் 0.052 மீட்டர். மொத்த எடை ஒரு கிராம் கூடக் கூடவில்லை. மையமோ 5 செ.மீ. பின்னே போய்விட்டது. எல்லையைத் தாண்டிப் பின்னே போனால் மூக்கு மேலெழும். அதைத் தாழ்த்த வால்பகுதிக்கு வலிமை போதாமல், இறக்கைகள் தூக்குவிசையை இழக்கக்கூடும்.

ஏடு இருந்தால் மட்டும் போதாது, அதில் ஏறும் எண் தராசிலிருந்து வர வேண்டும் என்பது என் கருத்து. பெரிய விமானங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று சராசரி எடையைக் கொள்வது வழக்கம். 180 பேரில் ஒருவர் பருத்திருந்தால் இன்னொருவர் மெலிந்திருப்பார். பிழைகள் பெரும்பாலும் ஈடாகிவிடும். நால்வரில் அது நடக்கும் என்று நம்ப முடியாது. கேட்டு எழுதுவதும் ஆகாது. பெரியவர்களிடம் எடை கேட்டுப் பாருங்கள். எந்தக் காலத்திலோ மருத்துவர் சொன்னதைச் சொல்வார்கள்!

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் பீச்கிராஃப்ட் 1900டி விமானம் புறப்பட்டவுடன் விழுந்தது. 19 பயணிகளும் 2 விமானிகளும் மாண்டனர். வாலிலுள்ள உயர்த்தியின் கட்டுப்பாட்டு அமைப்பு தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. புவியீர்ப்பு மையமும் எல்லைக்கு வெகுவாகப் பின்னே இருந்தது என விசாரணை கண்டது. புறப்படுமுன் போட்ட கணக்கிலோ எல்லாம் எல்லைக்குள்ளேயே இருந்தன. அதில் இட்ட சராசரி எடைகள் உண்மை எடையைவிடக் குறைவு. பிறகு அந்நாட்டு விமானத்துறை அவற்றை உயர்த்தியது.

தனியார் விமானத்தில் இதைச் சரிபார்க்கத் தனி ஊழியர் இல்லை. ஆகவே சிறு விமானங்கள் புறப்படும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேடைத் தராசு வைக்க வேண்டும். மூட்டையோடு ஆளும் அதில் ஏற வேண்டும். விருந்தினரை நிறுத்துப் பார்ப்பதா என்ற கூச்சத்தை நான் ஏற்கமாட்டேன்.

ஐயமிருந்தால் உங்கள் வகுப்பிலேயே சோதியுங்கள். எல்லோரையும் நிறுத்துச் சராசரி காணுங்கள். சீட்டுக் குலுக்கி நால்வரை எடுத்து, அவர்களுடைய உண்மையான மொத்த எடையைச் சராசரியின் நான்கு மடங்கோடு ஒப்பிடுங்கள். பத்து முறை செய்து, மிகப் பெரிய வேறுபாட்டைக் குறியுங்கள். பிறகு இருபது பேரை எடுத்து, ஆளுக்கு எவ்வளவு வேறுபாடு வருகிறதென்று பாருங்கள்.