வசூலும் ராட்டினமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒரு திரைப்படம் நல்ல படமா என்று கேட்டால், "எத்தனை கோடி வசூல்?" என்று எதிர்க்கேள்வி கேட்கும் காலம் இது. நம் விடுதியிலும் இரவு நெடுநேரம் வரை அந்தக் கணக்குத்தான் நடக்கிறது. அமெரிக்காவின் கேளிக்கைப் பூங்காக்கள் வரை இதைக் கொண்டு செல்வோரும் உண்டு. வெற்றிப் படத்தின் பெயரில் ராட்டினம் அமைத்தால் கூட்டம் அலைமோதும். தோல்விப் படத்தின் பெயரில் அமைத்தால் ஈயாடும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குச் சரியாகவே படுகிறது. ஆனால் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த வாதம் பாதி வழி வரைதான் வருகிறது என்பது என் கருத்து.

முதலில் அந்த வாதத்திற்குரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். பெரிய சவாரி ஒன்றை அமைக்கக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும். முதல் போடுகிறவர் ஏதேனும் ஓர் உறுதியைத் தேடுவது இயல்பே. 2009-இல் வெளிவந்த 'அவதார்', உலக வசூலில் அதுவரை எந்தப் படமும் எட்டாத உயரத்தை எட்டியது. ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னியின் 'அனிமல் கிங்டம்' பூங்காவில் 2017-இல் அந்தப் படத்தின் உலகமே எழுந்து நின்றது. வசூல் இல்லையேல் அந்தத் துணிவு பிறந்திருக்குமா? ஐயமே. ஆகவே கதவைத் திறப்பதில் வசூலுக்குப் பங்குண்டு.

திறந்த கதவு மூடாமல் இருப்பதற்கோ வேறொன்று வேண்டும்.

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. அன்றே சுழலத் தொடங்கியவை அங்குள்ள தேநீர்க் கோப்பைகள். அவை 'ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்' படத்திலிருந்து பிறந்தவை. 1951-இல் வந்த அந்தப் படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. கோப்பைகளோ இன்றும் சுழல்கின்றன. காரணத்தை நம் இயற்பியல் வகுப்பிலேயே காணலாம். பெரிய வட்டமேடை ஒன்று சுழல்கிறது. அதன்மேல் மூன்று சிறு மேடைகள் தனித்தனியே சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு கோப்பைகள். உள்ளே அமர்ந்தவர் நடுவிலுள்ள சக்கரத்தைத் திருப்பினால் கோப்பையும் தன்னைத்தானே சுற்றுகிறது. முடுக்கத்தின் திசை கணந்தோறும் மாறுகிறது, காதினுள்ளே இருக்கும் திரவம் தடுமாறுகிறது, தலை சுற்றுகிறது, குழந்தை சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்கு 1951-ஆம் ஆண்டின் வசூல் கணக்கு தெரியுமா?

அதே பூங்காவின் நடுநாயகமான கோட்டைக்கு 'ஸ்லீப்பிங் பியூட்டி'யின் பெயர். படம் வந்ததோ நான்கு ஆண்டுகள் கழித்து, 1959-இல். சுமார் 60 லட்சம் டாலர் செலவான அந்தப் படம், முதல் வெளியீட்டில் போட்ட முதலை மீட்கவில்லை. அதற்காகக் கோட்டையை யாரும் இடிக்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை.

இன்னும் வலுவான சான்று 'வாட்டர்வேர்ல்ட்'. 1995-இல் சுமார் 17½ கோடி டாலர் செலவில் வந்த படம். அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த வசூல் சுமார் 8.8 கோடி டாலர். அதே ஆண்டில் ஹாலிவுட் யுனிவர்சல் பூங்காவில் அதன் பெயரில் ஒரு சாகசக் காட்சி தொடங்கியது. நடிகர்கள் உயரத்திலிருந்து நீரில் குதிக்கிறார்கள், தீப்பிழம்பு எழுகிறது, விமானம் ஒன்று மதிலைத் தாண்டி நீரில் வந்து விழுகிறது, முன்வரிசையில் இருப்போர் நனைகிறார்கள். "படத்தின் முடிவு தெரியுமுன் திட்டமிட்டதால் கட்டிவிட்டார்கள்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அப்படியே வைத்துக்கொள்வோம். முடிவு ஊரறிந்த பின்னர், 2001-இல் ஜப்பானின் ஒசாகாவிலும், 2010-இல் சிங்கப்பூரிலும் அதே காட்சியை ஏன் அமைத்தார்கள்? ஹாலிவுட்டில் முப்பது ஆண்டுகளைக் கடந்தும் அது நடக்கிறது. 1982-இல் வந்து வசூலில் உலகின் முதலிடத்தைப் பிடித்த 'ஈ.டி.'யின் சவாரி, அதே ஹாலிவுட் பூங்காவில் 2003-இல் மூடப்பட்டது!

இரண்டு மணி நேரம் இருக்கையில் அமர்ந்து பார்க்கும் படத்திற்குக் கதை வேண்டும், பாத்திரங்கள் வேண்டும். சில நிமிடங்களே நீடிக்கும் சவாரிக்கு, நாம் உள்ளே நுழைய விரும்பும் ஓர் இடம் வேண்டும். உடல் உணரும் ஓர் அசைவு வேண்டும். கதை தோற்ற படத்திலும் அந்த இடம் இருக்கலாம். படமே இல்லாமலும் இருக்கலாம். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' சவாரி 1967-இல் வந்தது. அதிலிருந்து படம் பிறக்க 2003 வரை ஆயிற்று.

இவ்வளவு தூரத்திலுள்ள ராட்டினங்களைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நம் வகுப்புகளில் என்னைப் போன்றோர் பலர். முதல் தேர்வில் வாங்கிய எண்ணை வைத்தே எங்களை வெற்றி, தோல்வி என்று பிரித்துவிடுவதை நாள்தோறும் காண்கிறேன். அந்த எண்ணுக்கும் பயன் உண்டு. சில கதவுகளை அது திறக்கும். ஆனால் ஒருவனுக்குள் இருப்பதையெல்லாம் அது அளந்துவிடுவதில்லை. முதல் வாரக் கணக்கு முதல் வாரத்திற்கு மட்டுமே உரியது. முப்பதாம் ஆண்டின் கணக்கை எழுதக் காலத்திற்கும் சற்று இடம் விடுவோம்.