ஆப்பச்சோடா போதும் என்பவருக்கு

"எங்கப்பன் காலத்துல பட்டிப்பொங்கலுக்கு மாட்டுக்கு வயிறு முட்டப் பொங்கல் ஊட்டுனோம், ஒண்ணும் சாகலை. உப்புனா ஆப்பச்சோடாவும் எண்ணெயும் போதும், டாக்டர் எதுக்கு?" அந்தியூர்ப் பக்கம் தை பிறந்தால் கேட்கும் இந்த வாதத்தில் ஒரு வாக்கியம்கூடத் தேறாது.

அப்பன் காலத்து மாடு பர்கூர் மலையில் மேய்ந்தது, ஏர் இழுத்தது, சோளத்தட்டைத் தின்றது. நெல்லுச்சோறு வீட்டு ஆட்களுக்கே நல்ல நாளில்தான். மாட்டுக்குக் கிடைத்தது ஒரு கைப்பொங்கல். நீங்களோ கட்டுத்தரையில் நிற்கும் கலப்பினக் கறவைக்கு ரேஷன் அரிசியை அண்டாவில் வேகவைத்து வைக்கிறீர்கள். அந்தப் பழியை அப்பன் தலையில் கட்டுவது அநியாயம்.

அத்தனை சோறும் பெருவயிற்றில் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. 6க்கும் 7க்கும் இடையில் இருக்க வேண்டிய பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் அசைபோடுவது நிற்கும். உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கி மாடு படுத்துவிடும். பிறகு எழாமலே போகலாம்.

உப்புசம் எல்லாம் ஒன்றுதான் என்பது அதைவிடக் கொடிய தவறு. இடப்பக்கப் பள்ளத்தைத் தட்டிப் பாருங்கள். மத்தளம்போல் ஒலித்தால் காற்று. குச்சிக்கிழங்கு தொண்டையில் அடைத்தாலும் இப்படி ஆகும், அடைப்பை எடுக்காமல் தீராது. பச்சைப் பயறுகொடியை மேய்ந்த மாட்டுக்கு உள்ளே நுரை கட்டும். அங்கே ஊசியால் குத்தினாலும் காற்று வெளியே வராது, நுரையை உடைக்கும் எண்ணெய் மருந்துதான் வேண்டும். முஷ்டியால் அழுத்தும்போது மாவாகப் பதிந்தாலோ தண்ணீர் அலம்பினாலோ சோறு செய்த வேலை. புளித்த வயிற்றில் அளவு தெரியாமல் கொட்டும் ஆப்பச்சோடா இன்னும் காற்றைக் கிளப்பும். எவ்வளவு, எப்போது, குழாய் விட்ட பிறகா முன்பா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

நாக்கை இழுத்துப் பிடித்து, தலையைத் தூக்கி நீங்கள் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போகிறது. உப்புசத்தில் தப்பிய மாடு நிமோனியாவில் சாகிறது. செத்ததும் "கண்ணு பட்டுருச்சு" என்கிறீர்கள்.

நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. வெற்றிலை, மிளகு, சீரகம், இஞ்சி அரைத்துக் கொடுக்கும் மருந்தைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே பரிந்துரைக்கிறார்கள், லேசான செரியாமைக்கு. மூச்சு வாங்கி நாக்கு வெளியே தள்ளிய மாட்டுக்கு அதை அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. தீனியை நிறுத்துங்கள், முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு உடனே போன் போடுங்கள்.