நூல் காக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள்



"மகன் டாக்டருக்குப் படிக்கிறான், மகள் லாயருக்குப் படிக்கிறாள்" என்று சொல்லும்போது நம் முகம் மலர்கிறது. பட்டம் வாங்கிய பிள்ளை, "நூலகர் வேலைக்கு மேலே படிக்கப் போகிறேன்" என்றால் மட்டும், "இவ்வளவு படித்தது புத்தகம் அடுக்கவா?" என்று கேட்டுவிடுகிறோம். அந்தக் கேள்வி சரிதானா என்று இந்த மாதம் பார்ப்போம்.

மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலம். 1956-ல் அங்கே இந்திய இயல் துறை தொடங்கியது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். துறையின் நூலகத்துக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியையும் திரட்டினார். உழைத்துப் பிழைத்த எளிய மக்களின் வெள்ளியும் காசும் அதில் சேர்ந்தன. பிறகு அந்தத் துறை கோலாலம்பூருக்கு வந்தது. இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் இராம சுப்பையா தேடிப் பட்டியலிட்டார். 'தமிழ் மலேசியானா' என்ற பெயரில் 1969-ல் அதை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது.

நம் பெரியவர்கள் புத்தகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள். அதைப் பாதுகாக்க ஆள் வேண்டாமா?

புத்தகம் அடுக்குவது மட்டும் நூலகர் வேலையில்லை. கோ. சாரங்கபாணி என்ற பெயரில் 'கோ' தந்தையின் பெயரெழுத்து என்று தெரிந்தவர்தான் அதைச் 'சா' வரிசையில் வைப்பார். பட்டியலில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்திலும் எழுத வேண்டும். ழ, ள, ல மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் தேடுகிறவர் கையில் புத்தகம் அகப்படாது. அலமாரியில் இருந்தும் அது தொலைந்ததுதான். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் குடிபெயர்ந்தபோது எத்தனை வீட்டில் பழைய இதழ்கள் குப்பைக்குப் போயின! 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கே அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நூலைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் கையாண்டால்தானே பயன்?

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பாருங்கள். தென் மாநிலங்களில் பல நூலகங்களின் வாசலே அவர்களுக்கு அடைத்திருந்தது. 1925-ல் ஹாம்ப்டனில் அவர்களுக்கென்று நூலகப் பள்ளி வந்தது. 1939-ல் அது மூடப்பட்டது. மனம் தளராமல் 1941-ல் அட்லாண்டாவில் இன்னொன்று தொடங்கினார்கள். 1970-ல் இ.ஜே. ஜோசி என்ற நூலகர் முன்னின்று கறுப்பின நூலகர்களுக்கு ஓர் அமைப்பு கண்டார். மேற்படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும், வழிகாட்ட மூத்தவர்களும் அப்படித்தான் கிடைத்தார்கள். தங்கள் வரலாற்றைத் தாங்களே காக்க வேண்டும் என்ற அக்கறைதான் காரணம்.

நமக்கும் வழி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1987 முதல் நூலகவியல் முதுகலைப் படிப்பு உண்டு. கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. மாறினால் போய்விடலாம். கட்டணத்தையும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா என்பதையும் நேரில் கேளுங்கள். கல்விக் கடனுக்கு எம்.ஐ.இ.டி. போன்ற அமைப்புகளை விசாரியுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று. முதல் பட்டம் வாங்கியதுமே, "போதும், சம்பளத்தைக் கொண்டு வா" என்று அவசரப்படாதீர்கள். வீட்டில் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தம்பி கொஞ்சம், சித்தப்பா மாமா கொஞ்சம் என்று பங்கு போட்டால் படிப்புக் காலத்தைக் கடத்திவிடலாம். கோயில் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் பயணச் செலவையாவது ஏற்கட்டும். ஏற்கெனவே நூலகத்தில் வேலை செய்கிற நம்மவர் ஒருவரிடம் அந்தப் பிள்ளையை அறிமுகப்படுத்தி வையுங்கள். பணத்தைவிட அது பெரிய உதவி.

அடுத்த முறை உங்கள் பிள்ளை "நூலகர் ஆகப்போகிறேன்" என்றால், "எப்போது விண்ணப்பம் போட வேண்டும்?" என்று கேளுங்கள்.