பீர்க்கம்பூ எத்தனை மணிக்கு விரிகிறது?

“சாயங்காலம் மருந்தடிங்க, தேனீ பிழைக்கும்.” பயிற்சிக் கூட்டங்களில் நாம் எல்லோரும் சொல்லிவருவது இது. நானும் பல வருடம் சொன்னேன். ஒரு பந்தல் தோட்டத்தில் பெரியவர் ஒருவர் மறித்தார்: “சார், பீர்க்கு சாயங்காலம்தானே பூக்குது?” எனக்கு வாயடைத்துப் போயிற்று.

பூசணிப்பூ விடியும்போதே விரிந்து உச்சிவேளைக்குள் சுருங்கிவிடும். அதற்கு மாலைத் தெளிப்பு சரி. பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போது விரிபவை. அவற்றைத் தேடிவரும் பூச்சிகளும் அந்த நேரத்தில்தான் வரும். பூசணிக்குக் காப்பான அதே மணி, பக்கத்துப் பீர்க்குக்கு எமன்.

நேரக் கணக்கே செல்லாத மருந்துகளும் உண்டு. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் இரண்டும் ஊடுருவிப் பாய்பவை. செடியின் சாற்றோடு ஏறி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். இன்று மாலை அடித்தது பின்னால் விரியும் பூவிலும் இருக்கும். இவ்விரண்டோடு குளோத்தியானிடினையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்தவெளியில் அறவே நிறுத்தியது. 2008இல் ஜெர்மனியின் ரைன் சமவெளியில் தேனீக்களுக்குக் கேடு வந்தது தெளிப்பால் அல்ல. குளோத்தியானிடினில் நேர்த்தி செய்த மக்காச்சோள விதையை இயந்திரத்தில் விதைத்தபோது, சரியாக ஒட்டாத பூச்சு தூசியாகப் பறந்து அக்கம்பக்கத்துப் பூக்களில் படிந்தது. 11,000க்கும் மேற்பட்ட தேனீக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. விதை நேர்த்தி என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

‘தேனீப்பெட்டியை மூடிவையுங்கள்’ என்பது நம் அடுத்த அறிவுரை. பெட்டியில் இருப்பது அடுக்குத்தேனீ. உயர்ந்த கிளையில் அடை கட்டும் மலைத்தேனீக்கும், புதரில் ஒற்றை அடையோடு தொங்கும் கொம்புத்தேனீக்கும் வாசலை யார் மூடுவது? பெட்டியைக்கூடச் சித்திரை வெயிலில் நாளெல்லாம் அடைத்துவைத்தால் மருந்து படாமலே உள்ளே வெந்து சாகும். முதல்நாள் இருட்டிய பிறகு, வெளியே போனவை எல்லாம் அடைந்ததும், காற்றுப் போக வலை வைத்து மூட வேண்டும். மேலே ஈரச்சாக்கு வேண்டும். இதற்கெல்லாம் ஒருநாள் முன்பே தகவல் வர வேண்டுமே! பெட்டிக்காரருக்குப் பெரும்பாலும் தகவல் வருவது, காலையில் பெட்டி வாசலில் நாக்கை நீட்டியபடி குவிந்து கிடக்கும் தேனீக்களைப் பார்க்கும்போதுதான்.

இனிப் பரிந்துரைச் சீட்டில் மருந்தின் அளவுக்கு மேலே ஒரு வரி எழுதுவோம்: பயிர் பூவில் இருக்கிறதா, எத்தனை மணிக்கு விரிகிறது? அலுவலகத்தில் உட்கார்ந்து எழுத முடியாத வரி அது. வரப்பில் பூத்து நிற்கும் தும்பையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.