கறுப்புக் கார் வேண்டாமே!

குட்டீஸ், வீட்டில் புதுக் கார் வாங்கப் போகிறார்களா? "கறுப்புதான் ஸ்டைல்" என்று அடம் பிடிக்காதீர்கள். 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் 'மாடல் டி' கார் கறுப்பில் மட்டுமே வந்தது. பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறதே!

கறுப்பு வெயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளை திருப்பி அனுப்பிவிடும். மதிய வெயிலில் நின்ற காரில் ஏறி, கறுப்பு சீட்டில் தொடை சுட்டு 'ஆ' என்று கத்தியிருக்கிறீர்களா? பின் சீட்டில் உட்காரப்போவது நாம்தானே!

இன்னொன்று. சாயங்கால மழையில் அடர் சாம்பல் நிறக் கார், தார் ரோட்டோடு கலந்துவிடும். சாலையைக் கடக்கிறவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் அடிப்பதும் பளிச்சென்று தெரியத்தான்.

என் ஓட்டு வெளியே வெள்ளைக்கு, உள்ளே வெளிர் பழுப்புக்கு. "அழுக்கு தெரியுமே" என்பார் அப்பா. தெரியட்டும், ஞாயிற்றுக்கிழமை வாளியும் துணியுமாக நாம் வருகிறோம் என்று சொல்லுங்கள்!