அறுக்குமுன் ஆராய்க

வீணைக்குக் குடம் ஒரு துணைப்பொருள் என்று எவரும் கூறார். குடம் இன்றேல் நரம்பு அதிரும், நாதம் நிறையாது. மின்சாரக் கிடாருக்கு அத்தகைய குடம் யாது? அதன் உடல் பெரும்பாலும் திண்ணிய மரக்கட்டை. தனித்து மீட்டினால் அடுத்த அறைக்கும் கேளாது. நரம்பின் அதிர்வு மின்னாக மாறி, ஆம்ப்ளிபையரிற் பெருகி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைத்து, அக்கூம்பைத் தாங்கும் மரப்பெட்டியினின்று இசையாக வெளிப்படுகின்றது. ஆகவே அப்பெட்டியையே கிடாரின் குடம் எனல் மிகையன்று. இதனை உணராது, பெட்டியை வெறும் பேழையாக எண்ணி, கையிற் கிடைத்த ஸ்பீக்கரை நுழைப்பதற்காக அதன் முகப்புப் பலகையை மனம் போனவாறு அறுப்போர் உளர். அச்செயல் நன்றன்று என்பதும், மாற்றம் வேண்டுமிடத்துப் பின்வருவோர் மீட்கத்தக்க மாற்றமே செய்தல் வேண்டும் என்பதும் எனது துணிபு.

இதனைப் பிறர்மேற் குறை கூறுதற்காக எழுதுகின்றேன் அல்லேன். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பழைய கிடார்ப் பெட்டி ஒன்று உண்டு. அதன் 12 அங்குல ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் ஒரு பண்டிகைக்கு முந்திய வாரத்தில் எரிந்துபோயிற்று. நண்பர் ஒருவரிடம் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாளா கிடந்தது. ஒரு மாலைப்பொழுதில் முகப்புப் பலகையின் துளையை வாளால் விரித்து அதனைப் பொருத்திவிட்டோம். வாள் பிடித்தவர் அவர். பலகை பிடித்தவன் யான். துளைக்கு இருபுறமும் இருவிரல் அகல மரமே எஞ்சிற்று. பண்டிகையன்று தடித்த நரம்பைத் தொடும்போதெல்லாம் பலகை நடுங்கிக் கரகரத்தது. சபையார் பொறுத்துக்கொண்டனர், எங்களுக்குத்தான் தலை நிமிரவில்லை. ஒரு திங்கள் கழித்துப் பழைய ஸ்பீக்கர் செப்பமுற்று வந்தது. வந்தும் என்? அதனைத் தாங்கப் பெட்டியில் இடமில்லை. நாங்கள் இழந்தது ஒரு சாண் மரம் அன்று. திரும்பிச் செல்லும் வழி.

நிற்க. மாற்றமே ஆகாது என்பாரும் உளர். செய்தவன் வைத்த அளவே அளவு என்பது அவர் கொள்கை. அதுவும் பொருந்தாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்திலே பெண்டர் தொழிலகத்தார் 1952-ஆம் ஆண்டில் பாஸ்மன் என்னும் ஆம்ப்ளிபையரை வெளியிட்டபோது அதன் பெட்டியில் இருந்தது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. சில ஆண்டுகளுக்குள் அதனை நீக்கி 10 அங்குல ஸ்பீக்கர் நான்கினை அமைத்தனர். வைப்ரோவெர்ப் என்னும் அவர்தம் மற்றொரு கருவி, 1963-இல் 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டுடன் வந்தது. மறு ஆண்டே 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுடன் வந்தது. லண்டனில் ஜிம் மார்ஷலும் அவர்தம் துணைவரும் 1962-இல் அதே பாஸ்மனின் மின்சுற்றைப் பின்பற்றித் தம் ஆம்ப்ளிபையரைச் செய்தனர். ஆனால் அதனைப் பின்புறம் மூடிய பெட்டியில் அமைந்த 12 அங்குல ஸ்பீக்கர் நான்கினோடு இணைத்தனர். சுற்று ஏறக்குறைய ஒன்றே, குரல் இரண்டாயிற்று. வேறு காரணங்களும் அதற்கு உண்டு. எனினும் பெட்டிக்கும் கூம்பின் அளவுக்கும் அதிற் பெரும்பங்கு உண்டு என்பதை மறுப்பார் இலர்.

எனவே அளவு மாற்றம் குற்றமன்று. குரல் மாற வேண்டும் என்று விரும்புவோனுக்கு அது நேரிய வழியே. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. அளவு மாறியபோது அத்தொழிலகத்தார் புதிய அளவிற்கெனப் பலகையும் பெட்டியும் புதியனவாக வகுத்தனர். முன்னர் விற்றவற்றை வாங்கி அறுத்தாரல்லர். மாற்றத்திற்கு அவரைச் சான்று காட்டுவோர் இதனையும் உடன் கூறுதல் முறை.

இனிச் செய்முறையைச் சிறிது ஆராய்வோம். 10 அங்குல ஸ்பீக்கரின் இரும்புச் சட்டம் குறுக்கே சுமார் 260 மில்லிமீட்டர். அதற்கு வேண்டும் துளை சுமார் 230. 12 அங்குலத்திற்குச் சட்டம் சுமார் 310, துளை சுமார் 280. 15 அங்குலத்திற்குச் சட்டம் சுமார் 390, துளை சுமார் 350. இவ்வெண்களை ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். சிறிய ஸ்பீக்கரின் சட்டம் பெரிய துளையினும் சிறிது. ஆதலின் வைத்த மாத்திரத்தில் ஊடே நழுவி விழும். திருகினால் அதனைத் தடுத்தல் இயலாது. இடையே ஒரு மரவளையம் வேண்டும்.

12 அங்குலத் துளையில் 10 அங்குல ஸ்பீக்கரை வைக்க விரும்புவோன், 310 மில்லிமீட்டர் புறவட்டமும் 230 மில்லிமீட்டர் உள்வட்டமும் உடைய வளையம் ஒன்றை நல்ல பிளைவுட் பலகையில் அறுத்துக்கொள்க. பழைய மரையாணித் துளைகளிலேயே வளையத்தை இறுக்கி, வளையத்தில் ஸ்பீக்கரை இறுக்குக. இடைவெளியிற் காற்றுக் கசியாதபடி நுரைப்பட்டை ஒன்று வைத்தல் நலம்; கசிவு உள்ள இடத்தில் சீறலும் கரகரப்பும் பிறக்கும். வளையத்தின் கனத்தளவு ஸ்பீக்கர் பின்னே தள்ளி நிற்குமாதலால், அதன் காந்தம் ஆம்ப்ளிபையரின் டிரான்ஸ்பார்மரிலோ வால்வுகளிலோ இடியாதோ என்று முன்னரே அளந்து பார்த்தல் வேண்டும். வேண்டாதபோது வளையத்தைக் கழற்றினால் பெட்டி பழைய பெட்டியே.

சிறியதினின்று பெரியதற்குச் செல்லுதலே இடர்ப்பாடுடையது. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு அருகருகே நிற்க 620 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளகலம் வேண்டும். 10 அங்குல இரட்டைக்கு அமைந்த பெட்டிகள் பலவற்றில் அவ்வகலம் இராது. அகலம் இருப்பினும், துளைகளிடையே எஞ்சும் மரம் வலுவுடையதா என்பது அடுத்த வினா. பலகை திருகால் இணைந்ததாயின் கவலையில்லை. அதனைக் கழற்றி ஓரிடத்தில் வைத்துவிட்டு, புதிய பலகையிற் புதிய துளை இட்டுக்கொள்ளலாம். சில பெட்டிகளில் பலகை பக்கச் சட்டங்களின் பள்ளத்துட் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே அறுப்பதைவிட வேறு பெட்டி தேடுவதே அறிவுடைமை.

வெண்பாவில் ஒரு சீரை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பவன், முன்னும் பின்னும் தளை தட்டுகின்றதா என்று பாராமல் வைப்பதில்லை. சீர் இடத்தில் அடங்கிவிட்டது என்பது மட்டும் போதாது. ஸ்பீக்கர் மாற்றத்திலும் அவ்வாறே. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தால் 4 ஓம். நான்கை வைத்தால் 2 ஓம். அந்நான்கினை நீக்கி 8 ஓம் உடைய ஒன்றை வைப்போன், தன் ஆம்ப்ளிபையர் எதிர்பார்க்கும் சுமையை நான்கு மடங்கு மாற்றிவிடுகின்றான். வால்வு ஆம்ப்ளிபையருக்கு அது கேடு விளைத்தலும் கூடும். முன்னர் நான்கு தோள் பகிர்ந்த வாட் சுமையை இனி ஒரு தோளே தாங்க வேண்டும் என்பதும் நினைவிருத்தல் வேண்டும். பெட்டியின் கொள்ளளவும் அவ்வாறே. மூடிய சிறு பெட்டியுள் பெருங்கூம்பை அடைத்தால், உள்ளிருக்கும் காற்று வில்போல் இறுகிக் கூம்பைத் தடுக்கும். ஆழ்ந்த ஒலி வேண்டிப் பெரியதை வைத்தவன் ஆழத்தை இழந்து முழக்கத்தையே பெறுதலும் உண்டு. கிடாரின் தடித்த நரம்பு எழுப்பும் அடியொலி நொடிக்கு 82 அதிர்வேயாதலால், இழப்பு அங்கேதான் செவிக்குத் தெரியும்.

"ஏழை இசைஞனுக்கு இத்துணை ஆராய்ச்சி ஏது? புதுப்பலகைக்குப் பணம் வேண்டாவா?" என்று வினவலாம். வினா நேரியதே. ஆலைகளிற் பல்லாயிரமாக அடிக்கப்பட்ட, எளிதிற் கிடைக்கும் பெட்டியை ஒருவன் தன் பொருளாக வைத்து அறுத்துக்கொண்டால் அதனைப் பாவம் என்று யான் சொல்லேன். ஆயினும் கணக்கைச் சரியாகப் போடுக. நாங்கள் ஒரு பலகையின் விலையை மிச்சப்படுத்த எண்ணினோம். முடிவில் வளையம் ஒன்று செய்தோம்; மெலிந்த பழைய பலகை அதனையும் தாங்கவில்லை; தச்சரை வேண்டிப் புதுப்பலகையே செய்வித்தோம். முதல் நாளில் செய்திருக்க வேண்டியதை, இருமுறை செலவழித்து மூன்றாம் முறை செய்தோம். மேலும் அப்பெட்டி எங்களுடையதன்று. எங்களுக்கு முன்னே பாடியவர் வாங்கி வைத்தது. எங்களுக்குப் பின்னே பாடுவோர்க்கு உரியது. நாங்கள் அதன் உக்கிராணக்காரரே அன்றி உடைமையாளர் அல்லேம்.

கல்லூரியிலும் சபையிலும் நாம் கையாளும் பொருள்கள் பலவும் அத்தகையனவே. அவற்றை மாற்றாது வைத்தல் சோம்பல். மீளாவண்ணம் மாற்றுதல் துணிச்சல். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. பழைய பலகையைக் கழற்றித் துடைத்து, அளவுகளை அதன் முதுகில் எழுதி, உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் புதியதைச் செய்வது அவ்வழி. எங்கள் பெட்டியின் அறுபட்ட பலகை இன்றும் ஆலயத்தின் பின்னறையில் சுவரோடு சாய்ந்து நிற்கின்றது. அதனை எறிய எனக்கு மனம் வரவில்லை. புதிதாகக் குழுவிற் சேரும் இளைஞர் எவரேனும் வாளைக் கேட்டால், முதலில் அப்பலகையைக் காட்டுகின்றேன்.