ஒரே வேலி, ஒரே கணக்கு, ஒரே செயலி



அண்மையில் நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு ஒரு வணிக நிறுவனத்தின் விற்பனையாளர் வந்திருந்தார். சிற்றுண்டிச்சாலைப் பணம், பள்ளிப் பேருந்துக் கட்டணம், சீருடை, பயிற்சி நூல், வீட்டுப்பாடம், மாலை வகுப்பு, இவை போதாவென்று காப்புறுதியும் கடனுதவியும், எல்லாம் ஒரே செயலிக்குள் அடக்கம் என்றார். "ஒரு முறை பதிந்தால் போதும், இனி நீங்கள் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை" என்று மும்முறை கூறினார். பெற்றோர் சிலர் கைதட்டினர். எனக்கோ அந்த வாக்கியம் முள்ளாய்த் தைத்தது.

வேறெங்கும் செல்ல வேண்டாத வாழ்க்கையை நம் பாட்டன்மார் வாழ்ந்து பார்த்துவிட்டார்களே!

பேராக்கின் பழைய இரப்பர்த் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். குடியிருந்த லயம் தோட்டத்தினுடையது. கைக்குழந்தையை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகை, மருந்து வாங்கிய ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் நின்ற நிலம், மாலையில் ஆண்கள் கூடிய கள்ளுக்கடை, அத்தனையும் ஒரே வேலிக்குள். மளிகைக் கடையில் கடன் புத்தகம். சம்பள நாளன்று அந்தக் கணக்கே முதலில் தீரும், மிஞ்சியதுதான் கைக்கு வரும். வசதி இல்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பணித்தது. இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு அதுவே வித்து.

ஆனால், 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது நடந்தது என்ன? வேலை போயிற்று. வேலையோடு வீடு போயிற்று. வீட்டோடு பள்ளியும் கோயிலும் கடைக்கடனும் பக்கத்து லயத்துச் சொந்தங்களும் போயினர். யாரோ ஒருவர் எங்கோ இட்ட ஒற்றைக் கையெழுத்தில்! நம் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தது அந்தத் துயரத்தின் நடுவில்தான்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2012-இல் கோலாலம்பூரில் 'மைடெக்சி' என்ற பெயரில் வாடகை வண்டி அழைக்கப் பிறந்த கிராப், பின்னர் உணவு, பணப்பை, காப்புறுதி, கடன் என்று விரிந்தது. 2018-இல் ஊபரின் தென்கிழக்காசிய வணிகத்தையும் தன்வசமாக்கிக் கொண்டது. போட்டி நிறுவனங்களின் விளம்பரத்தை ஓட்டுநர்கள் ஏற்கலாகாது என்று தடுத்ததாகக் கூறி, மலேசியப் போட்டி ஆணையம் 2019 அக்டோபரில் 8 கோடியே 60 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் அபராதம் விதிக்க உத்தேசித்தது. கிராப் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. வழக்கின் நியாயம் வழக்கறிஞர்களுக்கு. 'எல்லாம் என்னிடமே' என்று வளரும் நிறுவனத்தின் மீது இத்தகைய ஐயம் எழுவது இயல்பு என்பதே என் கருத்து.

ஏர் ஏசியாவும் முயன்றது. பெருந்தொற்றால் வானூர்திகள் தரையில் நின்ற 2020-இல் 'சூப்பர் ஆப்' என்று முழங்கி, உணவும் மளிகையும், 2021-இல் வாடகை வண்டியும் சேர்த்தது. சில ஆண்டுகளில் அதன் பெயரே 'மூவ்' என மாறிப் பயணத் தொழிலையே முன்னிறுத்தியது. வானூர்தியை நன்றாக ஓட்டுபவருக்குக் கத்தரிக்காய் விற்கவும் தெரிய வேண்டுமா என்ன? 2001-இல் வந்த மைகாட்டையும் நினைவுகூருங்கள். ஓட்டுநர் உரிமம், மின்பணம், சாலைக் கட்டணம் என எத்தனை ஆரவாரம்! நம்மில் பெரும்பாலோர் அதை அடையாள அட்டையாக மட்டுமே நீட்டினோம்.

சீனத்து வீசாட் வென்றதே என்பர். வென்றதுதான். ஆனால் 2011-இல் உரையாடல் செயலியாகத் தொடங்கி, கடன் அட்டை பரவலாக வேரூன்றாத சந்தையில் பணப்பையாக வளர்ந்தது அது. நமக்கு வாட்சாப் உண்டு, வங்கிச் செயலியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக டுயிட்நவ் குறியீடு உண்டு. ஈப்போ லிட்டில் இந்தியாவில் பூக்கடையில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றைச் சதுரத்தை எந்த வங்கியின் செயலி கொண்டும் வருடலாம். முதலாளி பலர், வழி மட்டும் பொது. வணிகர்கள் பணத்தையும் மூளையையும் இத்தகைய பொது வழிகளில் செலவிட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை உணவு விநியோகம் செய்பவர். ஏதோ புகாரில் அவர் கணக்கு ஒன்பது நாள் முடக்கப்பட்டது. வருமானம் நின்றதோடு, அதே செயலிப் பணப்பையில் கிடந்த சேமிப்பையும் அவரால் தொட இயலவில்லை. மன்றாட ஒரு மனித முகமும் இல்லை. இயந்திரப் பதில்கள் மட்டுமே. தோட்டத்திலாவது கிராணியின் முன் போய் நிற்கலாம்!

தனித்தனிச் செயலிகள் தொல்லைதான், மறுக்கவில்லை. மறைச்சொற்களை மறந்து நானே தடுமாறுகிறேன். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமாருக்கு இன்னும் கடினம். ஆயினும் அவர்களின் பழைய கைப்பேசியில், கடன் விளம்பரத்தையும் சுமந்து வரும் கனத்த செயலி எப்படி இலகுவாகும்? வீட்டுப்பாடம் பார்க்கத் திறக்கும் பிள்ளையின் கண்ணெதிரே எதற்குக் கடன் விளம்பரம்?

அடுத்த கூட்டத்தில் அந்த விற்பனையாளர் மீண்டும் வருகிறார். மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் விவரங்கள் யாருடைய கையில் இருக்கும்? பேருந்துக் கட்டணம் நிலுவையானால் சிற்றுண்டிப் பணமும் முடங்குமா? உங்கள் நிறுவனம் நாளை விற்கப்பட்டால், விடுவித்துக்கொண்டு வெளியேற எங்களுக்கு எத்தனை நாள் தருவீர்கள்?